ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், சர்வேயர்: எந்த உரிமம் எங்கே செல்லும்?

கட்டடம், பாலம், நிலம் என்று ஏதோ ஒன்றில் தொழில் அமைத்துக்கொள்ள நினைப்பவருக்கு மூன்று பாதைகள் அடுத்தடுத்துத் தெரியும்: ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், சர்வேயர். எதில் போவது என்று விசாரித்தால் படிப்பு எத்தனை வருடம், சம்பளம் எவ்வளவு, வேலை கிடைக்குமா என்று எல்லோரும் பேசுவார்கள். உரிமத்தைப் பற்றிப் பேச்சே வராது. படித்து முடித்தால் தானாக வந்து சேரும் காகிதம் என்ற நினைப்பு பலருக்கு. ஆனால் இந்த மூன்று தொழில்களும் ஒன்றை விட்டு ஒன்று அதிகம் விலகுவது அந்தக் காகிதத்தில்தான். ஒன்றில் அது இல்லாமல் தொழிலின் பெயரையே சொல்லிக்கொள்ள முடியாது. இன்னொன்றில் அது இல்லாமலே கடைசிவரை வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிடலாம். மூன்றாவதில் மாநில எல்லையைத் தாண்டினாலே பரீட்சை மறுபடி தொடங்கும்.

ஆகவே தேர்வு கடினமா, பயிற்சி நீளமா என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் கேட்க வேண்டியது இது: உங்கள் கையெழுத்து இல்லாமல் எந்தத் தாள் நகராது? அந்தத் தாள் எது, எந்த எல்லை வரை அதற்கு மதிப்பு என்று தெரிந்துவிட்டால் மற்றக் கணக்குகளைப் போடுவது சுலபம்.

பெயருக்குக் காவல், வேலைக்குக் காவல்

சட்டம் ஒரு தொழிலை இரண்டு விதமாகக் காக்கலாம். பதிவு பெறாதவர் அந்தப் பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது, வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பது ஒரு விதம். பதிவு பெறாதவர் வேலையையே தொடக் கூடாது என்பது இன்னொரு விதம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் லைசென்ஸ்தான். தொழில் நடத்தும்போதுதான் வித்தியாசம் உறைக்கும்.

பிரிட்டனில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரைப் பதிவு பெற்றவர் மட்டுமே தொழிலுக்குப் பயன்படுத்தலாம். அந்தப் பெயரைப் பலகையில் எழுதாதவரை, வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுத்துக் காசு வாங்க யாருக்கும் தடையில்லை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வகைதான் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்தின் 37ஆம் பிரிவு தடுப்பது பட்டப்பெயரை மட்டும்தான், வடிவமைப்பு வேலையை அல்ல என்பது தீர்ப்பு. ஆர்க்கிடெக்ட் என்ற பெயர் தாங்கிய அரசுப் பதவியில் பதிவில்லாதவரை அமர்த்தக் கூடாது. பதவிக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டால் அது வேறு கதை. ஐந்து வருடம் படித்துப் பதிவு செய்தவர்களுக்கு இதைப் படிக்கக் கசப்பாகத்தான் இருக்கும்.

பிரான்ஸ் நேர் எதிர். அங்கே 1977 ஜனவரியில் வந்த சட்டம், கட்டட அனுமதி கேட்கும் மனுவுக்கு ஆர்க்கிடெக்ட் தயாரித்த திட்டம் வேண்டும் என்கிறது. தனிமனிதர் தனக்காகக் கட்டிக்கொள்ளும் கட்டடம் 150 சதுர மீட்டருக்குள் இருந்தால் விலக்கு உண்டு. அமெரிக்க மாநிலங்களும் வேலையையே காக்கின்றன, ஆனால் தனி வீடுகளுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் விலக்கு இருக்கிறது. ‘வீடு கட்டுவதற்கு ஆர்க்கிடெக்ட் கட்டாயமா’ என்ற கேள்விக்கு இணையத்தில் ஆளுக்கொரு பதில் கிடைப்பது இதனால்தான். அவரவர் இடத்துச் சட்டத்தை வைத்துப் பேசுகிறார்கள்.

ஜப்பானுக்குப் போனால் இந்த மூன்று பாதைக் கணக்கே கலைந்துவிடும். 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஆர்க்கிடெக்டையும் கட்டடப் பொறியாளரையும் ஒரே உரிமத்துக்குள் வைத்தது. கென்சிகுஷி என்று பெயர். வடிவமும் கட்டமைப்பும் ஒரே ஆளின் பொறுப்பு. நிலநடுக்கத்தைத் தாங்குமா என்பதற்கான கணக்குகளைப் பொய்யாகப் போட்டுக் கட்டடங்கள் எழுப்பிய விவகாரம் 2005இல் வெடித்தது. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, பெரிய கட்டடங்களின் கட்டமைப்புக்கென்று கூடுதல் தகுதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.

ஆர்க்கிடெக்ட்: நீளமான பாதை, மூடுபனி இல்லாத பாதை

மூன்றில் எது நெடும்பயணம் என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்லலாம். அமெரிக்காவில் படிகள் தெளிவானவை: அங்கீகாரம் பெற்ற படிப்பு, 3,740 மணி நேரப் பதிவு செய்யப்பட்ட பயிற்சி, ஆறு தாள் தேர்வு. 3,740 மணி என்பது முழுநேர வேலையில் இரண்டு வருடத்துக்குள் முடிகிற அளவுதான். ஆனால் அந்த மணிகளைக் குறிப்பிட்ட ஆறு துறைகளில் பிரித்துக் காட்ட வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். புதிதாகச் சேர்ந்த ஆளை வரைபடம் போடவே உட்கார வைத்திருப்பார்கள், கட்டுமான இடத்துக்கோ ஒப்பந்தப் பேச்சுக்கோ அழைத்துப்போவது அரிது. கல்லூரியில் நுழைந்த நாளிலிருந்து உரிமம் கைக்கு வரச் சராசரியாக 12, 13 வருடங்கள் ஆவதாக அந்நாட்டுப் பதிவு வாரியங்களின் கூட்டமைப்பு வெளியிடும் கணக்கே காட்டுகிறது. தேறிய தாள்கள் ஐந்து வருடத்தில் காலாவதியாகும் என்ற பழைய விதியை 2023இல் கைவிட்டார்கள். குழந்தை வளர்ப்பு, இடமாற்றம் என்று நடுவில் நின்றுபோனவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

பட்டம் இல்லாமலும் வழி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கலிபோர்னியாவில் படிப்பும் வேலை அனுபவமும் சேர்ந்து எட்டு வருடக் கணக்குக் காட்டினால் போதும், அங்கீகாரம் பெற்ற பட்டம் கட்டாயமில்லை. ஆனால் எல்லாருக்கும் பொதுவான ஆறு தாள்களுக்குப் பிறகு அந்த மாநிலத்துக்கென்று ஒரு தேர்வும் உண்டு.

பிரிட்டனில் பகுதி 1, பகுதி 2, பகுதி 3 என்று மூன்று கட்டம். நடுவில் இரண்டு வருட வேலை அனுபவம். எல்லாம் சேர்த்து ஏழு வருடத்துக்குக் குறையாது. இந்தியாவில் நுழைவுக்குத் தகுதித் தேர்வு, அப்புறம் ஐந்து வருடப் படிப்பு, முடித்ததும் ஆர்க்கிடெக்டுகளுக்கான மத்தியக் கவுன்சிலில் பதிவு. படிப்புக்குப் பிந்தைய உரிமத் தேர்வு எதுவும் இல்லை. இரண்டையும் அருகில் வைத்துப் பாருங்கள். வழி குறுகியதாக இருக்கும் இந்தியாவில் கிடைப்பது பெயருக்குக் காவல். வழி நீண்ட அமெரிக்காவில் கிடைப்பது வேலைக்குக் காவல். இது எல்லா நாட்டுக்கும் பொருந்தும் விதி இல்லை. பிரிட்டன் ஏழு வருடம் வாங்கிக்கொண்டு பெயரை மட்டுமே காக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லலாம். சொந்த அலுவலகம் வைக்கும் எண்ணம் இல்லாதவருக்கு இந்த உரிமம் உடனடித் தேவை இல்லை. பெரிய நிறுவனங்களில் உரிமமுள்ள ஒருவரின் முத்திரையின் கீழ் பத்துப் பேர் வேலை பார்க்கலாம். ஆனால் அந்தப் பத்துப் பேரில் யாருக்காவது திட்டத் தலைமையோ பங்காளி இடமோ வேண்டுமென்றால் அங்கே கதவு உரிமத்தால்தான் திறக்கும்.

இன்ஜினியர்: இருந்தும் இல்லாமலும் வாழலாம்

பொறியாளர் உரிமத்தின் தொடக்கமே வேடிக்கையானது. 1907இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பாசன நீர் உரிமை கேட்டு வந்த மனுக்களில் வக்கீல்களும் நோட்டரிகளும் தாங்களே வரைபடம் போட்டு, இன்ஜினியர் என்று கையெழுத்திட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஓடாத இடத்தில் வாய்க்கால் வரைந்தால் பாதிக்கப்படுவது பக்கத்து விவசாயி. மாநிலத் தலைமைப் பொறியாளர் தலையிட்டு, இன்ஜினியர் என்றோ சர்வேயர் என்றோ பொதுமக்களிடம் சொல்லிக்கொள்பவர் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் கொண்டுவர வைத்தார். டெக்சஸ் மாநிலம் விழித்துக்கொண்டது ஒரு பேரழிவுக்குப் பிறகு. 1937 மார்ச்சில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில் கசிந்த இயற்கை எரிவாயு வெடித்து ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதே ஆண்டில் பொறியாளர் பதிவுச் சட்டம் வந்தது.

இப்படிப் பிறந்த உரிமம் எல்லாப் பொறியாளருக்கும் கட்டாயமாகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் தொழிற்சாலைப் பொருள்களை உருவாக்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கு விலக்கு உண்டு. கார், கைபேசி, மென்பொருள் என்று வேலை பார்ப்பவர்கள் உரிமத்தின் பக்கமே போவதில்லை. பொதுமக்களுக்கு நேரடியாகச் சேவை கொடுக்கும் சிவில், ஸ்ட்ரக்சரல் (கட்டமைப்பு), நீர்வளம், கட்டட மின்சாரம், தீயணைப்பு அமைப்பு போன்ற துறைகளில்தான் அது இல்லாமல் முடியாது. ஆகவே ‘இன்ஜினியருக்கு லைசென்ஸ் வேண்டுமா’ என்ற கேள்விக்கு எந்தத் துறை என்று திருப்பிக் கேட்பதுதான் நேர்மையான பதில்.

இந்தியாவில் வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் ஆர்க்கிடெக்டுக்கும் இருப்பதுபோலப் பொறியாளருக்கு மத்தியச் சட்டம் இல்லை. உள்ளாட்சிகளும் திட்டக் குழுமங்களும் தங்கள் விதிப்படி பொறியாளர்களைப் பதிவு செய்கின்றன. கட்டட அனுமதிக்குச் செல்லுபடியாகும் கையெழுத்து அந்தப் பதிவிலிருந்துதான் வருகிறது. இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் தரும் சார்ட்டர்ட் இன்ஜினியர் தகுதி மரியாதைக்குரியது, மதிப்பீட்டுச் சான்றுகளில் பயன்படும். ஆனால் அது தொழில்முறைச் சங்கம் தரும் தகுதி. பிரிட்டனிலும் இப்படித்தான்: ‘இன்ஜினியர்’ என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம், ‘சார்ட்டர்ட் இன்ஜினியர்’ என்று சொல்லத்தான் பதிவு வேண்டும். கனடாவில் மாகாணச் சட்டங்கள் பெயரையும் வேலையையும் சேர்த்துக் காக்கின்றன. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலம் நெடுங்காலமாகப் பதிவைக் கட்டாயமாக வைத்திருக்க, விக்டோரியா 2019இல்தான் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது.

அமெரிக்கப் பாதையைத் தேர்ந்தெடுப்பவருக்கு வரிசை இது: அங்கீகாரம் பெற்ற பட்டம், அடிப்படைத் தேர்வு, பொதுவாக நான்கு வருட அனுபவம், அப்புறம் தொழில்முறைத் தேர்வு. அடிப்படைத் தேர்வில் 110 கேள்விகள், மொத்தம் ஆறு மணி நேரம். இதைக் கடைசி வருடத்திலேயே எழுதிவிடுவது புத்திசாலித்தனம். வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் கழித்துத் தொகையீடும் வெப்ப இயக்கவியலும் திரும்பப் படிப்பது நரகம். பல மாநிலங்கள் இப்போது நான்கு வருடம் முடியும்வரை காத்திருக்காமல் இரண்டாவது தேர்வையும் எழுத விடுகின்றன. அனுபவம் நிறைந்தபிறகு உரிமம் வரும், தேர்வின் சுமை முன்பே இறங்கியிருக்கும்.

உரிமம் கொடுக்கும் அதிகாரத்தைவிட அது ஏற்றும் சுமை பெரியது என்பதை 1981 ஜூலை 17 அன்று கான்சஸ் சிட்டியில் நடந்தது காட்டுகிறது. ஒரு ஹோட்டல் கூடத்தின் மேலே தொங்கிய இரண்டு நடைபாலங்கள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி மேல் பாலத்தைத் துளைத்துக் கீழ்ப் பாலம் வரை போகும். செய்வதற்குக் கடினம் என்று அதை இரண்டு கம்பிகளாக்கினார்கள். கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒன்று, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு இன்னொன்று. கேட்டால் சின்ன மாற்றம். ஆனால் மேல் பாலத்தின் உத்தரத்தில் உள்ள இணைப்பு இப்போது கீழ்ப் பாலத்தின் எடையையும் சேர்த்துச் சுமந்தது, பாரம் இரட்டிப்பானது. எஃகுப் பாகங்களைச் செய்த பட்டறை தயாரித்த வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை விழுந்திருந்தது. இணைப்பைச் சரிபார்க்க வேண்டியவர் யார், பட்டறையா பொறியாளரா என்ற வாதம் நீண்டது. கடைசியில் பொறுப்பு முத்திரை வைத்த தரப்பின் தலையில் விழுந்தது, மிசூரி மாநிலத்தில் சம்பந்தப்பட்ட பொறியாளர்களின் உரிமம் பறிபோனது. ‘கீழே இருப்பவர் பார்த்துவிட்டார், நான் சீல் மட்டும் போட்டேன்’ என்று சொல்ல இந்தத் தொழிலில் இடமே கிடையாது. வேறொருவர் வரைந்ததற்குக் காசு வாங்கிக்கொண்டு சீல் போடுவது உரிமத்தை இழக்கச் சுலபமான வழி.

சர்வேயர்: குறைவாகப் பேசப்படுவது, அதிகம் காக்கப்படுவது

இந்த மூன்றில் சர்வேயர் உரிமத்தைத்தான் பலரும் கீழே வைக்கிறார்கள். என் கணிப்பு நேர்மாறானது. பிறர் நுழைய முடியாதபடி வேலி போட்ட வேலை வேண்டுமென்றால், சரியான நாட்டில் இதைப்போல வேறில்லை. ‘சரியான நாட்டில்’ என்ற நிபந்தனையை மட்டும் மறக்கக் கூடாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிரிட்டிஷ் வழக்கில் சர்வேயர் என்றால் கட்டுமானச் செலவைக் கணக்கிடும் குவான்டிட்டி சர்வேயரும் அடக்கம், கட்டடத்தின் நிலையைச் சோதிப்பவரும் அடக்கம். அவர்களுக்கு ஆர்ஐசிஎஸ் என்ற சங்கம் தகுதி கொடுக்கிறது, அரசு உரிமம் இல்லை. இங்கே நான் பேசுவது நில எல்லையை அளந்து நிர்ணயிக்கும் சர்வேயரைப் பற்றி.

அளப்பது இன்று யாராலும் முடியும். ட்ரோன் இருக்கிறது, செயற்கைக்கோள் கருவி இருக்கிறது. ஆனால் எல்லை என்பது அளவு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. பழைய பத்திரத்தில் 200 அடி என்று எழுதியிருக்கும், தரையில் நட்ட கல் 197 அடியில் நிற்கும். எது எல்லை? அமெரிக்கச் சட்ட மரபில் முதலில் நட்ட அசல் கல்லுக்குத்தான் பொதுவாக முன்னுரிமை, பத்திரத்தின் எண்ணுக்கு இல்லை. அந்தக் கல் அசல்தானா, யாராவது நகர்த்தியதா, பக்கத்து மனையின் பத்திரம் என்ன சொல்கிறது என்று ஆதாரங்களை எடைபோடும் வேலைக்குத்தான் உரிமம். பாதி சர்வேயர், பாதி நீதிபதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் இந்த உரிமம் மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்காவின் மேற்குப் பகுதிகள் 1785ஆம் ஆண்டு நிலச் சட்டத்திலிருந்து சதுரச் சதுரமாகப் பிரிக்கப்பட்டவை. கிழக்குக் கரையின் பழைய மாநிலங்களில் ஓடையும் மரமும் பாறையும்தான் எல்லை விவரிப்பு. டெக்சஸில் ஸ்பானியர் காலத்து மானியங்கள் இன்னும் பத்திரங்களில் இருக்கின்றன, நிலத்தை ‘வாரா’ கணக்கில் சொல்லியிருக்கும். அங்கே ஒரு வாரா 33⅓ அங்குலம். ஆகவே பொதுவான இரண்டு தேர்வுகளுக்குப் பிறகு அந்தந்த மாநிலத்தின் நிலச் சட்டத்தில் தனித் தேர்வு எழுதுவது வழக்கம். ஒரு மாநிலத்தில் அனுபவம் கொழித்தவரும் அடுத்த மாநிலத்துக்குப் போனால் மாணவராக உட்கார வேண்டியதுதான்.

அடிக்கே இரண்டு அளவு இருந்தது தெரியுமா? உலகளாவிய அடி சரியாக 0.3048 மீட்டர். அமெரிக்க சர்வே அடி என்று ஒன்று இருந்தது, இதைவிடப் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நீளம். மனை அளவில் இது தெரியவே தெரியாது. ஆனால் ஒவ்வொரு இடத்தையும் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து உள்ள தூரத்தால் குறிக்கும் மாநில ஆயத்தொலைவு முறையில் ஒரு புள்ளியின் எண் பத்து லட்சம் அடி என்று வரும்போது இரண்டு அடி பிசகும். 2022 முடிவோடு அந்தப் பழைய அடியை அமெரிக்க அளவைகள் நிறுவனம் ஓய்வு கொடுத்து அனுப்பியது. பழைய வரைபடங்களில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். கருவியை வாங்கி வைத்திருப்பவர் இதைக் கவனிக்க மாட்டார், சர்வேயர் கவனித்தாக வேண்டும்.

வட கரோலைனாவில் ட்ரோன் வைத்து நில வரைபடம் தயாரித்துக் கொடுத்த ஒருவரை மாநில வாரியம் தடுத்தது. பேச்சுரிமையைப் பறிக்கிறார்கள் என்று வழக்குப் போனது. 2024இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வாரியத்தின் பக்கமே நின்றது. கருவிகள் மலிந்துவிட்டதால் இந்த உரிமத்துக்கு வேலையில்லாமல் போகும் என்று சொல்பவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிப்பது நல்லது.

இனி அந்த நிபந்தனைக்கு வருவோம். இங்கிலாந்தில் நிலப் பதிவேட்டில் உள்ள வரைபடம் பொதுவான எல்லையை மட்டுமே காட்டும், துல்லியமான கோட்டை உறுதி செய்யாது. ஆகவே அங்கே எல்லை அளப்பவருக்கு அரசு உரிமம் என்ற ஒன்று தேவைப்படவே இல்லை. பிரான்ஸில் 1946ஆம் ஆண்டுச் சட்டம் எல்லை நிர்ணயத்தைப் பதிவு பெற்ற நிபுணருக்கே ஒதுக்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1858இல் தென் ஆஸ்திரேலியா தொடங்கிய டோரன்ஸ் முறைப்படி நில உரிமை அரசுப் பதிவேட்டில் உட்கார்ந்திருக்கிறது. பதிவேட்டுக்குப் போகும் வரைபடத்தில் பதிவு பெற்ற சர்வேயரின் சான்று வேண்டும். இலங்கையில் 2002ஆம் ஆண்டின் 17ஆம் எண் அளவைச் சட்டத்தின் கீழ் நில அளவைச் சபை இருக்கிறது, அங்கே பதிவு செய்து உரிமம் பெற்றவர்தான் தனியாகத் தொழில் செய்யலாம். மலேசியாவில் இதற்கென 1958ஆம் ஆண்டுச் சட்டமே உண்டு. இந்தியாவில் எல்லை அளப்பது பெரும்பாலும் வருவாய்த் துறையின் நில அளவர் கையில். தனியார் சர்வேயரின் வரைபடம் வாங்குபவருக்கும் வங்கிக்கும் உதவும், ஆனால் அரசு அளவையின் இடத்தை அது எளிதில் பிடிக்காது. ஒரே வேலை, ஒரே கருவி. ஒரு நாட்டில் அது கோட்டை, இன்னொரு நாட்டில் வெறும் சேவை.

எல்லை தாண்டினால்

வெளிநாடு போகும் எண்ணம் இருப்பவர் மூன்றையும் ஒப்பிட வேண்டிய இடம் இது. பொறியாளருக்கு 1989இல் உருவான வாஷிங்டன் உடன்பாடு இருக்கிறது. இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது. இதைக் காட்டி ‘பட்டம் உலகம் முழுவதும் செல்லும்’ என்று கல்லூரிகள் விளம்பரம் செய்யும். கவனமாகப் படியுங்கள். உடன்பாடு ஏற்றுக்கொள்வது படிப்பின் தரத்தை, உரிமத்தை அல்ல. அதுவும் அங்கீகாரம் பெற்ற குறிப்பிட்ட பாடப்பிரிவில், அங்கீகாரம் இருந்த காலத்தில் படித்திருந்தால்தான். தேர்வும் அனுபவமும் போகும் நாட்டின் விதிப்படி மீண்டும் வரும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், கனடாவில்தான் ஒரு வருட அனுபவம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2023இல் நீக்கியது. குடியேறும் பொறியாளர்களை அதுவரை அதிகம் தடுத்து வைத்திருந்த கல் அது.

ஆர்க்கிடெக்டுக்கு நாடுகளுக்கிடையே நேரடி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அமெரிக்க, பிரிட்டிஷ் வாரியங்கள் 2023இல் ஒருவர் உரிமத்தை ஒருவர் ஏற்கும் ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இது படிப்போடு நிற்காமல் உரிமத்தையே கணக்கில் எடுப்பதால் பொறியாளர் உடன்பாட்டைவிட ஒரு படி மேல். சர்வேயருக்கு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் போன்ற நெருங்கிய அண்டை நாடுகளை விட்டால் பெரிதாக எதுவும் இல்லை.

ஒரே நாட்டுக்குள் மாநிலம் மாறுவதிலும் சர்வேயர்தான் கடைசி. அமெரிக்கப் பொறியாளருக்குப் பெரும்பாலும் ஆவணங்களை அனுப்பிக் கட்டணம் கட்டினால் முடிந்தது. கலிபோர்னியா போன்ற விதிவிலக்குகள் உண்டு. அங்கே சிவில் பொறியாளர் நிலநடுக்கம் பற்றியும் நில அளவை பற்றியும் இரண்டு கூடுதல் தேர்வு எழுத வேண்டும்.

யாருக்கு எது

இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தவருக்குப் பொறியியல்தான் பொருந்தும். உரிமம் தாமதமானாலும், ஒரு நாட்டில் கிடைக்காமலே போனாலும், உரிமமுள்ளவரின் கீழ் வேலை ஓடும், பிழைப்பு நிற்காது. சிவில், ஸ்ட்ரக்சரல் துறைக்காரர் இதை வைத்து உரிமத்தைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது. அவர்களுக்கு அது கூடுதல் பட்டம் அல்ல, தொழிலின் மறுபாதி. மின்னணுவியலோ மென்பொருளோ படிப்பவர் இதற்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே ஊரில் வேர்விட்டு, சின்ன அலுவலகம் வைத்து, யாருக்கும் கீழே இல்லாமல் தொழில் செய்ய நினைப்பவர் சர்வேயர் பாதையை ஒருமுறையாவது தீவிரமாகப் பார்க்க வேண்டும். அந்த நாட்டில் பதிவேட்டுக்குப் போகும் வரைபடத்துக்குத் தனியார் சர்வேயரின் கையெழுத்து கட்டாயமா என்று மட்டும் பாருங்கள். கட்டாயம் என்றால் நல்ல தேர்வு. இல்லையென்றால் அதே ஆர்வத்தை சிவில் பொறியியலில் செலவிடலாம்.

ஆர்க்கிடெக்ட் பாதையை உரிமத்தின் பலன் பார்த்து யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றே சொல்வேன். பத்து வருடத்துக்கும் மேல் போகலாம், பல நாடுகளில் கடைசியில் கிடைப்பது பெயர் மட்டும். வடிவமைப்பில் விடாப்பிடியான ஆசை இருந்தால் அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. ஆசை அரைகுறை என்றால், கட்டடப் பொறியியலில் இருந்துகொண்டே ஆர்க்கிடெக்டுகளோடு சேர்ந்து வேலை செய்யலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே சரிபாருங்கள். சேரும் பாடப்பிரிவுக்கு, கல்லூரிக்குப் பொதுவாக அல்லாமல் அந்தப் பாடப்பிரிவுக்கே, அங்கீகாரம் இருக்கிறதா என்பது ஒன்று. முதல் வேலை தரும் அலுவலகத்தில் உரிமம் பெற்றவர் ஒருவராவது இருக்கிறாரா, அவர் உங்கள் வேலையை நேரடியாக மேற்பார்வை செய்து பிறகு கையெழுத்திட்டுச் சான்று தருவாரா என்பது இன்னொன்று. பல இடங்களில் உரிமம் இல்லாத மேலதிகாரியின் கீழ் பார்த்த வருடங்கள் அனுபவக் கணக்கில் ஏறாது. நேர்காணலிலேயே இதைக் கேட்டுவிடலாம். கேட்பதில் தப்பில்லை, மழுப்பலான பதில் வந்தால் அந்த வேலையை இன்னொரு முறை யோசியுங்கள்.